நோட்டில் எழுதலாம், சீட்டில் எழுதக்கூடாது

செவிலியர் கல்லூரி மாணவிகள் கிராமத்துக்குள் வரும்போது கையில் ஒரு பை வைத்திருப்பார்கள். அதைத் திறப்பதற்கே ஒரு சாஸ்திரம் உண்டு. திண்ணையில் முதலில் செய்தித்தாளை விரிக்கணும், அதன்மேல்தான் பையை வைக்கணும், சோப்பும் துண்டும் எடுத்துக் கை கழுவின பிறகுதான் மற்ற சாமானைத் தொடணும். ‘பேக் டெக்னிக்’ என்று இதற்குத் தனி மதிப்பெண். அப்புறம் ஆளுக்கொரு குடும்பத்தைத் தத்தெடுத்து, வீட்டில் எத்தனை சன்னல், சாக்கடை எங்கே போகிறது, பாட்டிக்குச் சர்க்கரை எவ்வளவு, மருமகளுக்கு ரத்தம் எவ்வளவு என்று ஒரு நோட்டு முழுக்க எழுதுவார்கள். அட்டை போட்டு, படம் ஒட்டி, அழகாக.

அந்த நோட்டுகளைத் திருத்துகிறவள் நான். எம்.எஸ்சி. நர்சிங், சமுதாய நலப் பிரிவு. இரும்பையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வருஷாவருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நோட்டில் நாங்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மருந்துச் சீட்டில் ஒரு வரி எழுத முடியாது. என் சண்டை அதைப் பற்றித்தான்.

இரும்பை என்றதும் உங்களில் சிலருக்கு மாகாளேஸ்வரர் கோயில் ஞாபகம் வரும், சம்பந்தர் பாடிய தலம். சிலருக்குக் கடுவெளிச் சித்தர். பெரும்பாலானவர்களுக்கு ஆரோவில் போகிற வழி. எனக்கு அது வானூர் தாலுகாவின் செம்மண், முந்திரித் தோப்பு, காலையில் ஆரோவிலுக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குக் கிளம்புகிற பெண்கள். ஒன்றைக் கவனிக்கணும்: இது டாக்டர் இல்லாத காடு கிடையாது. கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் பிம்ஸ், அந்தப் பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. மருத்துவர்களால் சூழப்பட்ட ஊர். அதனால்தான் இங்கிருந்து பேசுகிறேன். மலைக்கிராமத்தைக் காட்டிப் பேசினால் “பாவம், அங்கே வேற வழியில்ல” என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஒருத்தர் இல்லை, நான் பார்த்த பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயசு, ரத்த அழுத்தம். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கின திட்டம், நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரை அம்லோடிபின். கொஞ்ச நாளில் கணுக்கால் வீங்குகிறது. அந்த மருந்தால் சிலருக்கு அப்படி வரும், எங்கள் இரண்டாம் வருஷப் பிள்ளைக்கே தெரியும். அந்த அம்மாவோ “மாத்திரை கிட்னிய கெடுத்துடுச்சு” என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகிறார். பிரஷர் 180க்கு ஏறி நிற்கிறது. நான் என்ன செய்யலாம்? “டாக்டரைப் போய்ப் பாருங்கம்மா.” அவ்வளவுதான். போனால் ஒருநாள் கூலி போச்சு. போகமாட்டார்.

பதிலாக எங்கே போகிறார்? மெடிக்கல் ஷாப்புக்கு. கால்வலிக்கு என்று கேட்டால் கவுன்ட்டரில் நிற்கிற பையன் டைக்ளோபினாக் கிழித்துக் கொடுக்கிறான். பிரஷரை ஏற்றுகிற மருந்து, சிறுநீரகத்துக்கும் ஆகாது. சட்டப்படி அட்டவணை ‘எச்’சில் இருக்கிற மருந்துக்குப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். பையனிடம் யாரும் கேட்பதில்லை. ஆக, ஆறு வருஷம் படித்த நான் மாத்திரையை மாற்றினால் அது குற்றம். பிளஸ் டூ முடித்த பையன் கொடுத்தால் அது வியாபாரம். மாத்திரை வீடு தேடி வந்துவிட்டது. அதைக் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ அதிகாரம் உள்ள ஆள்தான் இன்னும் வரவில்லை.

இந்த ஆளை உருவாக்குவது ஒன்றும் புதுசு இல்லை. கொலராடோவின் கிராமங்களில் பொதுச் சுகாதாரச் செவிலியராக அலைந்த லொரெட்டா ஃபோர்டு, ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1965இல் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார். (போன வருஷம் வரை என்று சொல்ல ஆசை, 2025 ஜனவரியில்தான் 104 வயதில் மறைந்தார். இங்கே எத்தனை பத்திரிகை எழுதியது?) இன்று அங்கே ‘ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்’ என்பது முதுகலைப் படிப்பு. பிறந்த குழந்தை முதல் தாத்தா வரை ஒரே ஆள் பார்ப்பார், நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவர் மேற்பார்வை இல்லாமலேயே.

“அமெரிக்காவில் நடக்கும், ஆனா பாதுகாப்பா?” நியாயமான கேள்வி. கனடாவின் பர்லிங்டனில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை நர்ஸ் பிராக்டிஷனரும் மறுபிரிவை மருத்துவரும் பார்த்த ஆய்வு 1974இல் வெளிவந்தது. விளைவில் வித்தியாசம் இல்லை. 2000இல் நியூயார்க்கில் மேரி முன்டிங்கர் குழு 1,316 நோயாளிகளை வைத்துச் செய்ததிலும் அப்படியே. 2018இல் காக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முதல்நிலைச் சிகிச்சையில் பயிற்சிபெற்ற செவிலியரின் பலன் மருத்துவருக்குச் சமம் அல்லது சற்று மேல் என்றே சொன்னது. அரை நூற்றாண்டாக ஒரே பதில். நாம்தான் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணிநிலை வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் இரண்டு வருட முதுகலை ரெசிடென்சிப் படிப்பும் கொண்டுவந்தது. எதற்கு? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு! கார்ப்பரேட் ஐசியுவில் இரவு முழுக்க நிற்க ஆள் வேண்டும், அதற்கு முதுகலை. கிராமத்து முதல்நிலைச் சிகிச்சைக்கு என்றால் டிப்ளமோ பாடத்திட்டம் ஒன்று, காகிதத்தில். துணை சுகாதார நிலையத்தில் உட்கார்கிற சமுதாய சுகாதார அலுவலருக்கு ஆறு மாதச் சான்றிதழ். வென்டிலேட்டர் கடினம், குடும்பம் சுலபம் என்று யார் முடிவுசெய்தது? வென்டிலேட்டரில் எண் தெரியும். ஒரே வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, மகனுக்குக் குடி, மருமகளுக்கு ரத்தசோகை, பேரனுக்கு ஒரு மாதமாக இருமல். இதைப் பிரித்து, எது இன்றைக்கு, எது அடுத்த வாரம், எது உடனே ஜிப்மருக்கு என்று முடிவெடுப்பதற்கு ஆறு மாதம் போதுமாம்.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இல் வந்தபோது அதன் 32ஆம் பிரிவு சமுதாய சுகாதாரச் சேவையாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றது. மருத்துவர் சங்கம் தெருவுக்கு வந்தது. “போலி டாக்டர்களுக்குக் கதவைத் திறக்கிறார்கள்” என்றார்கள். நான் அவர்களோடு பாதி ஒத்துப்போவேன். யார், என்ன படித்தவர் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடையவர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதின பிரிவு அது. ஆனால் தீர்வு என்னவாக இருந்திருக்கணும்? படிப்பைத் தெளிவாக வரையறு என்று கேட்டிருக்கணும். கேட்டது “கூடாது” என்ற ஒரே வார்த்தை.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. “பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு அரை டாக்டரா?” சமூகநீதி பேசுகிற நண்பர்கள் கேட்பது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் நானும் அந்தப் பாசறையில் வளர்ந்தவள்தான். ஆனால் ஏழைக்கு இப்போது கிடைப்பது முழு டாக்டரா? மெடிக்கல் ஷாப் பையன் கால் டாக்டர்கூட இல்லையே. சரி, கிராமத்துக்கு மட்டும் என்றால் அது தீண்டாமை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அடையாறிலும் அண்ணா நகரிலும் சேர்த்தே வைப்போம். என் சீட்டு இரும்பையில் செல்லுபடியானால் சென்னையிலும் ஆகட்டும்.

பிரசவத்தைப் பாருங்கள். 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களை மூன்று செவிலியரை வைத்து 24 மணி நேரமும் இயங்கவைத்த மாநிலம் இது. அங்கே சுகப்பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸ்தான். ஆக்சிடோசின் போடுகிறார், வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு அனுப்புகிறார். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தாயையும் பிள்ளையையும் எங்கள் கையில் கொடுக்க அரசுக்குத் தயக்கமில்லை. பகல் பதினோரு மணிக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றத்தான் நம்பிக்கை போதவில்லை.

“தமிழ்நாட்டில்தான் டாக்டர்கள் நிறைய இருக்காங்களே, வேலையில்லாம வேற இருக்காங்க.” இதுதான் இருப்பதிலேயே கனமான வாதம். எண்ணிக்கை சரி. ஆனால் சர்க்கரையும் பிரஷரும் கேட்பது எண்ணிக்கையை இல்லை, காலத்தை. ஒரே ஆள் பத்து வருஷம் அதே குடும்பத்தைப் பார்க்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் மருத்துவருக்கு அது ஒரு நிறுத்தம். அடுத்த பஸ் முதுகலை. பணியில் இருப்போருக்கு இடஒதுக்கீடு தருவதே அதற்குத்தானே. அவர் மேல் தப்பில்லை. எம்பிபிஎஸ்ஸோடு நின்றால் இங்கே யார் மதிக்கிறார்கள்? ஆனால் அவர் ஊரைப் புரிந்துகொள்ளும்போது மாற்றல் வந்துவிடுகிறது. கிராம சுகாதார செவிலியர் மட்டும் அங்கேயே இருக்கிறார். எந்த வீட்டு மருமகள் மாத்திரையை அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறாள் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களையும் விடப்போவதில்லை. நோயாளியே இல்லாத மருத்துவமனையைக் காட்டி அனுமதி வாங்கின செவிலியர் கல்லூரிகள் எத்தனை. சமுதாய நல முதுகலை என்று நாங்கள் நடத்துவதே பாதி சார்ட் பேப்பர் வேலை. சட்டம் நாளைக்கே உரிமை கொடுத்தால் என் வகுப்புத் தோழிகளில் பாதிப் பேருக்குக் காதில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இருமலையும் நிமோனியாவையும் பிரிக்கத் தெரியாது. சத்தீஸ்கரில் மூன்று வருடப் படிப்பு முடித்த கிராமப்புற மருத்துவ உதவியாளர்களை ஆராய்ந்தபோது முதல்நிலைச் சிகிச்சையில் எம்பிபிஎஸ் மருத்துவருக்குச் சமமாக நின்றார்கள். அதே ஆய்வில், அப்படிப் பயிற்சி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸும் மருந்தாளுநரும் பின்தங்கினார்கள். இதை மறைத்துப் பேசினால் நான் பேசுவதே பொய். அமெரிக்காவிலும் நோயாளியோடு 500 மணி நேரம் இருந்தால் போதும் என்று ரொம்ப நாள் வைத்திருந்து, இப்போதுதான் 750 ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அதுவும் குறைச்சல். ஐசியுவுக்கு வைத்த மாதிரி ரெசிடென்சிதான் வேண்டும்.

நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனபோது நிர்வாகி சொன்னது: “எம்.எஸ்சி. படிச்சிட்டு எதுக்கும்மா வார்டுக்கு வர்றீங்க? டீச்சிங் போங்க.” எங்கள் படிப்பின் விதி அது. மேலே படிக்கப் படிக்க நோயாளியை விட்டுத் தள்ளிப் போகணும். அரசுத் தேர்வாணையத்திலும் டிப்ளமோவுக்கும் முதுகலைக்கும் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் பணிதான். 2017 நவம்பரில் செவிலியர்கள் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்களே, அவர்கள் மாதம் வாங்கியது 7,700 ரூபாய். இவர்களிடம் போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொள், மருந்து எழுது என்று மட்டும் சொன்னால் அதுவும் சுரண்டல். உரிமையும் சம்பளமும் சேர்ந்து வரணும், தப்பு நடந்தால் காப்பீடும்.

அதனால் கேட்பதை அளவோடு கேட்கிறேன். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் இருபது இடம். இரண்டு வருஷம் வார்டில் இருந்த பி.எஸ்சி. செவிலியருக்கு மட்டும். இரண்டு வருட முதுகலை, அதில் ஒன்றரை வருஷம் வானூர், மரக்காணம், திண்டிவனம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், குடும்ப மருத்துவம் படித்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து. முடித்ததும் அறுபது எழுபது மருந்துகளுக்கு எழுத்துரிமை, தனிப் பணிநிலை, அதே ஊரில் குறைந்தது ஐந்து வருஷம். மருந்துப் பட்டியலை மருத்துவர் சங்கமே உட்கார்ந்து போடட்டும், நாங்கள் தேநீர் வாங்கித் தருகிறோம்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி டெக்சாஸிலிருந்து பேசினாள். அங்கே ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்துவிட்டாளாம். “மேடம், இங்க கேஸ் ஸ்டடி எழுதச் சொல்றாங்க, நம்ம வானூர் நோட்ட ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமா?” என்று கேட்டாள். அனுப்பியிருக்கிறேன்.