தேய்த்த கையும் தேய்க்காத உடம்பும்

பிள்ளை பெத்தவளுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் பாரம்பரியம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டுக்கே வந்து தேய்க்க, இத்தனை நாளைக்கு இவ்வளவு என்று ரேட்டும் உண்டு. பேசுங்கள் தோழர்களே. ஆனால் தேய்த்தது யார் கை? படுத்திருந்தது யார் உடம்பு?

எங்க அவ்வா அவிநாசிப் பக்கம் பண்ணாடி வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்தவள். கொட்டமுத்து எண்ணெயைச் சூடுபண்ணி இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று நீவி, பொறுக்கிற சூட்டில் தண்ணி ஊத்துவாள். தீட்டு நாள் முழுக்க அவள் கை அந்த வீட்டுக்குள் இருக்கலாம். தீட்டுக் கழித்த அன்றைக்கு ஒரு பழஞ்சீலை, ரெண்டு வள்ளம் கம்பு. மறுநாளிலிருந்து வாசலுக்கு வெளியேதான் நிக்கோணும். அவள் கையில் விழுந்த பிள்ளையே வளர்ந்து அவளை வாடி போடி என்றது. (நாவிதர் வீட்டுப் பெண்களுக்கும் இதே கதிதான். மருத்துவச்சி என்ற நல்ல பேரைக்கூட இழிவாக்கிய ஊர் இது.) எங்கம்மாவைப் பெத்த பன்னண்டாம் நாள் அவ்வா கடலைக்காட்டில் களை கொத்தினாள். அவளுக்கு யார் தேய்த்தார்கள்?

நீவினால் இடுப்பு வலியும் தோள் இறுக்கமும் தணியும், தூக்கம் வரும். அதுக்கு மேல் மாயமில்லை. வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்திருந்தால் காயம் ஆறும்வரை அங்கே கை வைக்கக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவவே கூடாது. ரத்தம் கட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். ஆனால் எந்த எண்ணெய்க்கும் முதல் மருந்து படுக்கை. அதைத்தான் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். மகள் பிறந்து முப்பத்தாறாம் நாள் டேபிள் முன்னால் நின்றேன். ஒன்றரை ஷிப்ட்டுக்குள் பால் கட்டி மார் கல்லாகிவிடும். கக்கூசில் பீச்சிவிட்டு வந்து நிற்பேன். பேறுகால நலச் சட்டம் வந்தது 1961-இல். பிள்ளை பெத்த ஆறு வாரத்துக்குள் வேலை வாங்கவே கூடாது என்றது அந்தச் சட்டம். 2017-இல் சம்பளத்தோடு லீவு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. வாங்க முந்தின 12 மாசத்தில் 80 நாள் வேலை செய்த கணக்கு வேணும். கான்ட்ராக்டர் நோட்டில் பேரே இல்லாத பீஸ்ரேட்காரிக்கு எந்தக் கணக்கு?

போன வருசம் மகளுக்குப் பேறு. அவளும் பனியன் கம்பெனிதான். ஒரு மாசம் வேலைக்குப் போகாமல் நானே தேய்த்து ஊத்தினேன். நாலு சனிக்கிழமைச் சம்பளம் போச்சு. திரும்பிப் போனால், வேற ஆள் போட்டாச்சுங்க்கா என்றான் கான்ட்ராக்டர்.