ஃபார்மட் செய்வதற்கு முன்னால்...

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இது நடக்கும். விண்டோஸை மறுபடி நிறுவியிருப்பார்கள். அடுத்த முறை கணினியைப் போட்டால், எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரை வராது. நேராக விண்டோஸ் வந்து நிற்கும். லினக்ஸ் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், "முழுசா ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். ப்ராஜெக்ட், புகைப்படம் எல்லாம் அதோடு காலி.

உண்மையில் போனது லினக்ஸ் அல்ல, அதற்குப் போகும் வழிதான். பழைய பயாஸ் கணினிகளில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, மீதி 2 பைட்டுகள் ஓர் அடையாளத்துக்கு. விண்டோஸ் நிறுவப்படும்போது அந்த 446 பைட்டில் தன் நிரலை எழுதிக்கொள்கிறது. யாரையும் கேட்பதில்லை. யூனிகோடில் சேமித்தால் இந்தப் பத்திகூட அதைவிடப் பெரியது! இதற்காக 500 ஜிபியை அழிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

யூ.ஈ.எஃப்.ஐ. வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. ஒவ்வொரு இயங்குதளமும் ஈ.எஸ்.பி. என்ற சின்ன பார்ட்டிஷனில் தனி ஃபோல்டரில் தன் துவக்கியை வைக்கிறது. பெரும்பாலும் மாறியிருப்பது வரிசை மட்டும்தான். கணினியின் செட்டப் திரையில் லினக்ஸை மேலே ஏற்றினால் முடிந்தது. அதுவும் நடக்காவிட்டால் லைவ் யூஎஸ்பியில் துவக்கி, லினக்ஸ் பார்ட்டிஷனையும் ஈ.எஸ்.பி.யையும் மவுன்ட் செய்து, சி.ஹெச்.ரூட் வழியாக உள்ளே போய் 'க்ரப்-இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும்.

சில சமயம் தப்பு நம் ஆட்களுடையதுதான். இடம் வேண்டும் என்று விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டு, 'க்ரப் ரெஸ்க்யூ' வந்ததும் அலறுவார்கள். க்ரப்பின் பெரும்பகுதி இருந்ததே அந்தப் பார்ட்டிஷனில்தானே!

ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்ததற்குப் பயனாளரைக் குறை சொல்ல முடியாது. இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாப்ட் சொன்ன ஒரு பாதுகாப்பு அப்டேட், அவற்றில் சிலவற்றையும் தொட்டது. 'செக்யூர் பூட்' இயங்கிய கணினிகளில் லினக்ஸின் பழைய 'ஷிம்' துவக்கி நிராகரிக்கப்பட்டது. முழுத் தீர்வு வர 2025 மே ஆயிற்று. ஒன்பது மாதம்! அப்போதும் கோப்புகள் எல்லாம் வட்டில் பத்திரமாகவே இருந்தன. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தவர்களுக்கு லினக்ஸ் திறந்தது.

அதை அணைக்கும் முன் ஒன்று. விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் க்ரப்பும் உதவாது, கடைக்காரரும் உதவமாட்டார்.