ஆபரேஷன் முடிந்தது... அப்புறம்?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கூட்டிட்டுப் போகலாம்." டாக்டர் இப்படிச் சொன்னதும், வாசலில் காத்திருந்த குடும்பம் பெருமூச்சு விடும். பில்லைக் கட்டி, மயக்கம் தெளியாத நாயைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றுவார்கள். கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நினைப்பு. உண்மையில் டாக்டரின் வேலைதான் தீர்ந்திருக்கிறது. வீட்டின் வேலை அந்த ஆட்டோவில்தான் ஆரம்பிக்கிறது.

மனிதனுக்கு ஆபரேஷன் என்றால் வார்டு, நர்ஸ், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சொந்தக்காரர்கள் எல்லாம் உண்டு. நாய்க்கு வீடுதான் வார்டு.

பயோமெட்ராவை எடுத்துக்கொள்வோம். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் இது. நாய் சாப்பாட்டைத் தொடாது, தண்ணீரை மட்டும் ஓயாமல் குடிக்கும். விட்டால் உயிர் போகும் என்பதால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள். வயிற்றில் நீளமான தையல். அது ஆறும்வரை சுமார் 10 முதல் 14 நாள் ஓட்டம், குதியாட்டம், மாடிப்படி எதுவும் கூடாது.

இந்த நாட்களில்தான் நம்ம ஊர் நம்பிக்கைகள் உள்ளே நுழையும். "நாய் நக்கினா புண் தானா ஆறிடும், அந்தக் கூம்பைக் கழட்டி விடு" என்று ஒரு பெரியவர் சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நாய் தையலைப் பிய்க்க ஒரு ராத்திரி போதும். அதன் வாயிலிருக்கும் கிருமிகள் புண்ணுக்குள் போகும். கழுத்தில் மாட்டும் கூம்பு நாய்க்குத் தண்டனை மாதிரித் தெரியலாம், மறுபடி மயக்க ஊசி போடுவது அதைவிடப் பெரிய தண்டனை.

அடுத்தது மருந்து. வலியில் முனகுகிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தெம்பு வரட்டும் என்று சாம்பார் சாதம் பிசைந்து வைப்பதும் தப்பு. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது.

உடம்பு சுடுகிறதே என்று தொட்டுப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நாயின் சாதாரண வெப்பநிலையே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் 103-ஐத் தாண்டினாலோ, ஈறு வெளுத்தாலோ, தையலில் வீக்கமோ நாற்றமோ தெரிந்தாலோ டாக்டருக்குப் போன் செய்ய விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் கவனிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். பிரச்சனையே அங்கேதான். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்காதவர்கள் கிடையாது. அதற்கப்புறம் இரண்டு வாரம் யார் கூட இருப்பது என்று கேட்பவர்கள் குறைவு. பில்லில் மயக்க மருந்து இருக்கும், தையல் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பவரின் தூக்கம் எந்தப் பில்லிலும் வராது. பெரும்பாலும் அந்தச் செலவு, யாரும் கேட்காமலே, வீட்டு அம்மாக்களின் தலையில் விழுந்துவிடுகிறது.

எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு என்ன செய்யும்? நியாயமான கேள்வி. முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் சொல்லி வைக்கலாம், சில நாள் அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். வயதான, ரொம்பவே முடியாத நாய் என்றால், இந்த ஆபரேஷனைத் தாங்குமா, தாங்கினாலும் வலியில்லாமல் வாழுமா என்றும் கேட்டே ஆக வேண்டும். எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் பேச வேண்டிய பேச்சு.

நல்லா இருக்கும்போதே கருத்தடை செய்திருந்தால் பயோமெட்ராவுக்குக் கிட்டத்தட்ட இடமே இருந்திருக்காது. அதைத் தள்ளிப்போட்டது நாய் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் நாய் இல்லை. அந்தப் பதினாலு நாளாவது அதன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டாமா?