பாட்டிலில் வந்த விரால்



ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த மாலை. அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருப் பையன் தங்கையோடு வாசலில் வந்து நின்றான். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

"தாத்தா, கலர் மீனு புடிச்சோம். உங்க தொட்டியில உட்டுக்கிறீங்களா?"

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இருபது முப்பது குஞ்சுகள் இருக்கும். இரண்டு நெல்மணியை நீளவாக்கில் சேர்த்து வைத்த அளவு. பழுத்த மிளகாய் போலச் சிவப்பு. நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொன்றாக மேலே வந்து, காற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு இறங்கின.

"எங்கடா புடிச்ச?"

"கொளத்துல தாத்தா. செவப்பா கூட்டமா மேல வந்துச்சு. துண்டைப் போட்டு அள்ளிட்டோம்."

இது கலர் மீன் இல்லை, விரால் குஞ்சு என்றேன். அவன் நம்பவில்லை. விரால் கறுப்பாக அல்லவா இருக்கும்? தங்கைக்காரிக்குச் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. "இது எவ்ளோ பெரிசா ஆவும் தாத்தா?"

அந்தக் குழந்தை கேட்டதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்றிருக்கிறேன். வீட்டு மீன்தொட்டி பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்கள் பலவற்றிலும் "பெரிய மீன் வளர்க்க ஆசை" என்ற வரி இருக்கிறது. எது பெரிய மீன் என்பதில்தான் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. இரண்டடித் தொட்டிக்காரர் ஒருவருக்குக் கையகல ஏஞ்சலே பெரிய மீன். இன்னொருவர் ஒரு அடிக்கு வளர்ந்த ஆஸ்கரைச் சொல்கிறார். மூன்றாமவருக்கு அரோவானாவுக்குக் கீழே எதுவும் கணக்கில் இல்லை. வளர்ப்பவர்களுக்குள் பொதுவான பேச்சு, ஒரு அடியைத் தாண்டினால் பெரிசு என்பது. எனக்கு அது போதவில்லை. கடையில் பையில் கட்டித் தரும்போது எல்லா மீனும் சிறிசுதான். இரண்டு வருஷம் கழித்து அது என்ன ஆகும் என்பதுதான் அளவு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷங்களுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு கடையில் 'ஷார்க்' என்று நாலு குஞ்சு வாங்கி வந்தேன். இரண்டங்குலம், வெள்ளிநிறம், பக்கவாட்டில் கறுப்புக் கோடு, முதுகில் சுறாவைப் போலவே துடுப்பு. தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது சுறாவே இல்லை. மீன்கடையில் பங்கஸ், பாசா என்று துண்டு போட்டு விற்கிறார்களே, அந்த மேகாங் ஆற்றுக் கெளுத்தி. நாலு அடிக்கு மேல் வளர்ந்து, நாற்பது கிலோவைத் தாண்டக்கூடிய சாதி. என் மூன்றடித் தொட்டியில் ஒரு அடி வந்ததுமே திரும்ப இடமில்லை. பார்வை மட்டான, பயந்த மீன் அது. ராத்திரி மின்சாரம் போய்த் திரும்பி வந்து குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தால் போதும், வெருண்டுபோய்க் கண்ணாடியில் முட்டும். காலையில் பார்த்தால் மூக்குத் தோல் உரிந்து, உள்ளே சதை ரோஜா நிறத்தில் தெரியும். ஆறுவதற்குள் மறுபடி முட்டும். அந்த மூக்கை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

தொட்டிக்குத் தக்கபடி மீன் வளரும் என்பது பலர் நல்லெண்ணத்தோடு சொல்லும் பொய். சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மை. ஆனால் அழுக்கேறிய தண்ணீரில் முதுகு வளைந்து, ஆயுள் சுருங்கித்தான் அது குன்றுகிறது. சட்டை பத்தவில்லை என்று பிள்ளையைப் பட்டினி போடுவது போல.

நீளத்தை மட்டும் பார்ப்பதால்தான் ஏமாறுகிறோம். ஒரு அங்குலக் குஞ்சு பத்து அங்குலம் ஆகும்போது நீளம் பத்து மடங்கு கூடுகிறது. உயரமும் பருமனும் கூடவே பத்துப் பத்து மடங்கு கூடுவதால், எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! தீனியும் கழிவும் எடையோடுதான் போகும். மீன் விடும் அம்மோனியா அதற்கே விஷம். ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் தழைச்சத்து என்கிறோமே, அதே சங்கதி. தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் தளதளவென்று வருவது இதனால்தான். பாக்டீரியா மாற்றும் வேகத்தைவிட மீன் விடுவது அதிகமானால், தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கொள்ளளவு பற்றி நம் பாபநாசத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலைவனநாதர் கோயிலில் 3000 கலம் நெல் கொள்ளும் நாயக்கர் காலத்துக் களஞ்சியத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். விளையப்போவதை எண்ணிக் கட்டிய களஞ்சியம் அது. மீனுக்கும் அப்படித்தான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியில் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீரே 680 கிலோ. கண்ணாடியும் மேடையும் தனி. பழைய மாடி வீட்டுக்காரர்கள் கொத்தனாரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. அவ்வளவு பெரிய தொட்டியிலும், மூன்று அடி வளரும் வெள்ளி அரோவானா உடம்பை வளைத்து நெளித்துத்தான் திரும்பும். முழு வளர்ச்சியில் மீன் எவ்வளவு நீளமோ, தொட்டியின் அகலம் அதற்குக் குறையக் கூடாது. இது நான் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நம் வீடுகளில் இருக்கும் ஒன்றரை அடி அகலத் தொட்டிகளுக்கு ஆஸ்கரோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

பாகவதத்தில் சத்தியவிரதன் கதை வருகிறது. திராவிட நாட்டரசன், கிருதமாலை நதியில் நின்று நீர்க்கடன் செய்யும்போது உள்ளங்கை நீரில் ஒரு சின்ன மீன் வந்துவிடுகிறது. பாவம் என்று கமண்டலத்தில் விடுகிறான். கமண்டலம் போதவில்லை, பானை. பானை போதவில்லை, குளம். கடைசியில் கடல். கேட்பவர்களுக்கெல்லாம் அது மச்சாவதாரக் கதை. மீன் வளர்ப்பவர்களுக்கு அது வீட்டுக் கதை. இடம் போதாத ஒவ்வொரு தடவையும் அவன் கைவிடாமல் அடுத்த இடம் தேடினான் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

நம்மில் பலர் அடுத்த இடமாக ஆற்றைத்தான் நினைக்கிறோம். கொல்ல மனசில்லை, குடமுருட்டியில் விட்டுவிட்டால் பிழைத்துப் போகட்டும் என்கிறோம். கை கூப்பிக் கேட்கிறேன், அது மட்டும் வேண்டாம். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்குகிறோமே சக்கர் மீன், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒன்றரை அடி வளரும். இப்படி விட்டு விட்டுத்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் வலைக்கு வலை ஏறுகிறது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது. முட்டையிட அது கரையில் வளை தோண்டும். ஆற்றுக் கரையையும் வாய்க்கால் கரையையும் நம்பிப் பிழைக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய கெடுதி என்று விளக்க வேண்டாம். 2018 வெள்ளத்தின்போது கேரளத்து ஆறுகளில் அரபைமா பிடிபட்டது. அமேசானில் மூன்று மீட்டர் வரை வளரும் மீன். முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் மீனும் கிடைத்தது. இதைப் படித்துவிட்டும் சிலருக்கு அரபைமா, ஆசிய அரோவானா மீது ஆசை போகாமலிருக்கலாம். இரண்டும் பன்னாட்டு ஒப்பந்தப் பாதுகாப்பில் உள்ளவை. 2024-ல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டு மீன் தொட்டியை மிஞ்சிவிட்டதா? நம் அலுவலகத்துக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் வாசகர்களும் எழுதுங்கள். இருவரையும் சேர்த்து வைக்கிற வேலையை நாங்கள் சந்தோஷமாகச் செய்கிறோம்.

பிள்ளைகளை மறந்துவிடவில்லை. இரண்டங்குலம் வந்ததும் அந்தச் சிவப்பு மங்கிவிடும், பிறகு பசித்தால் ஒன்றையொன்று தின்னும், விட்டால் ஒரு மீட்டர்கூட வளரும் என்று சொன்னேன். பையன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே, "அப்ப எடுத்த எடத்துலயே உட்டுரலாமா?" என்றான். மூவரும் குடை பிடித்துக்கொண்டு போனோம்.

படித்துறையின் ஓரத்தில், அள்ளிய இடத்திலேயே பாட்டிலைச் சாய்த்தான். மிச்சமிருந்த சிவப்புக் கூட்டம் நாலு முழத்துக்கு அப்பால் தண்ணீர் மேல் நுரை போலப் பொரிந்துகொண்டிருந்தது. இவையும் தட்டித் தடவி அங்கே போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு முதுகு எழுந்தது. தாயோ தகப்பனோ, காவல் இருப்பது. எங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீச்சில் திரும்பியது. தண்ணீர் சுழித்து வட்டம் விரிந்து படிக்கட்டில் வந்து மோதியது.

தங்கைக்காரி குடைக்கு வெளியே இரண்டு கையையும் அகல விரித்து அந்த வட்டத்தை அளந்தாள். கை எட்டவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்