கருணையின் பெயரால் ஒரு மருந்து

நோயுற்ற உயிருக்கு மருந்தோடு ஓய்வும் வேண்டும் என்பது வைத்தியத்தின் அரிச்சுவடி. ஐக்கிய அமெரிக்காவின் குதிரைப் பந்தயத் துறையோ மருந்தை ஏற்று, ஓய்வை மறுத்து, அதற்குக் கருணை என்றும் பெயர் சூட்டியுள்ளது.

கடும் வேகத்தில் ஓடும் குதிரைகளின் நுரையீரலில் குருதியமுக்கம் மிகுந்து, மயிர்த்துளைக்குழாய்கள் வெடித்துக் குருதி கசிவதுண்டு. இதனைத் தணிப்பதற்கெனப் பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னர் லேசிக்ஸ் எனப்படும் பியூரோசமைட் ஊசிமூலம் ஏற்றப்படுகின்றது. சிறுநீரைப் பெருக்கும் இம்மருந்தால் குதிரை நீரிழந்து, பத்துக் கிலோகிராம் அளவில் எடை குறைந்து ஓடத் தொடங்குகின்றது. நெடுங்காலம் மறுத்துநின்ற நியூயோர்க் மாநிலமும் 1995இல் இதற்கு இடமளித்தது.

மருந்தை ஆதரிப்போர் 2009இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வைச் சான்று காட்டுவர். 167 குதிரைகளைக் கொண்டு நடாத்தப்பெற்ற அவ்வாய்வு, மருந்து கசிவைக் குறைக்கின்றது என நிறுவியமை உண்மையே. அதனை மறுப்பது அறிவுடைமையன்று. ஆயின், நோய்க்கே மருந்து எனின், ஐக்கிய அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓடிய குதிரைகளுள் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை அதனைப் பெற்றது ஏன்? எதிராளியின் குதிரை எடை குறைந்து ஓடுகையில் தன் குதிரை பின்தங்குமோ என்ற அச்சமே பலரை அதன்பால் உந்தியது. எல்லார்க்கும் ஏற்றப்படும் மருந்து சிகிச்சை ஆகாது. அது போட்டியின் கருவியே.

அவுஸ்திரேலியாவின் நெறி வேறு. அங்கு பந்தய நாளில் இம்மருந்துக்குத் தடை. இரு நாசித் துவாரங்களிலும் குருதி வடிந்த குதிரை மூன்று மாதங்கள் பந்தயத்திலிருந்து விலக்கப்படும். மீண்டும் அவ்வாறு நேரின் நிரந்தரமாகவே விலக்கப்படும். நோயை மறைத்து ஓட்டாது, ஓட்டத்தை நிறுத்தும் நெறி இது.

2020 டிசெம்பரில் சட்டமாகிய அமெரிக்கக் குதிரைப் பந்தய நேர்மை, பாதுகாப்புச் சட்டம் பந்தயத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில் மருந்தேற்றுவதைத் தடுத்தது. எனினும், மாநிலங்கள் கோரின், லேசிக்சுக்கு மட்டும் மூன்றாண்டு விலக்களிக்க அது வழிவகுத்தது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் பெரும்பரிசுப் பந்தயங்களுக்கும் அவ்விலக்கு இல்லை. மருந்து கருணையெனின், விலைமதிப்பு மிக்க குதிரைகளுக்கு அதனை மறுத்தது ஏன்? தீங்கெனின், மலிவான குதிரைகளுக்கு அதனை விட்டுவைத்தது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே விடையிறுக்க அவ்வேற்பாட்டால் இயலாது.

குதிரைக்குப் பேச வாய் இல்லை. நாசியில் வடியும் குருதியே அதன் முறைப்பாடு. அம்முறைப்பாட்டை ஊசியால் அடக்கிவிட்டு மறுபடியும் ஓடு என்பவர், குதிரையின் நலத்தைப் பேணுபவர் அல்லர். பந்தயத்தின் வருவாயைப் பேணுபவரே.