அணையை உடைத்தால் மீன் வந்துவிடுமா?



ஆறாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் அண்மையில் ஒரு காணொளியைக் காட்டினேன். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில், அணையொன்றின் அடியில் வெடிவைத்து வழி திறக்கும் காட்சி அது. நூறாண்டுக் காலம் தேங்கியிருந்த நீர் கறுத்துப் பீறிட்டது. மாணவர்கள் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இனி மீன் வந்துவிடும்தானே?" என்று கேட்டாள். "ஆம்" என்றேன். மணியும் அடித்துவிட்டது.

அந்த 'ஆம்' அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. ஆசிரியர்கள் சொல்லும் பாதி உண்மைகள் மாணவர்களிடம் முழு உண்மையாகவே தங்கிவிடுகின்றன. ஆகவே மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

கிளாமத் ஆறு ஓரிகன் மாநிலத்தின் தெற்கில் தோன்றி, வட கலிபோர்னியா வழியாகச் சென்று பசிபிக் கடலில் கலக்கிறது. சால்மன் மீன்கள் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் இயல்புடையவை என்பதை நாம் அறிவோம். 1918-க்கும் 1962-க்கும் இடையில் அந்த ஆற்றில் மின்னாக்கத்திற்காக நான்கு அணைகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் கீழே இருந்த மூன்றிலும் மீன் ஏறிச் செல்ல வழியே இல்லை. மேலே ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறும் ஓடைகளும் மீன்களுக்கு மூடப்பட்டன. சால்மனை உணவாகவும் வழிபாடாகவும் கொண்டு வாழ்ந்த யூரோக், காருக் முதலிய பூர்வகுடியினரின் பானையும் அதனோடு காலியாயிற்று. 2002 செப்டம்பரில், ஆற்றில் நீர் குறைந்து வெப்பம் மிகுந்த நிலையில், நோய் பரவி 34,000-க்குக் குறையாத சால்மன்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் செத்து மிதந்தன. அணையை அகற்றுங்கள் என்ற குரல் உரத்து எழுந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தக் குரல் எழுந்த உடனே எவரும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. நான் மாணவர்களுக்குச் சொல்லத் தவறியது இதைத்தான். அணைகளின் உரிமம் 2006-இல் முடிவடைந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் மீன் ஏணி கட்ட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கிட்டால் அகற்றுவதே மலிவு என்று தெரியவந்தது. நான்கு அணைகளின் மின்திறனும் சேர்ந்து 163 மெகாவாட்தான். அவை பாசனத்திற்கு நீர் தரவில்லை; குடிநீரும் தரவில்லை. ஆக, உணர்ச்சி தொடங்கிவைத்ததைக் கணக்குத்தான் முடித்துவைத்தது. 2010-இல் ஓர் உடன்பாடு. 2016-இல் திருத்திய உடன்பாடு. அகற்றும் பணிக்கென்றே தனியாக ஒரு நிறுவனம். 450 மில்லியன் டாலர் நிதி. கூட்டரசின் இறுதி ஒப்புதல் கிடைத்தது 2022 நவம்பரில். மீன்கள் மடிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன!

நீரைத் திறந்துவிடும் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2024 சனவரியில் திறந்தார்கள். ஏன் சனவரி? அந்தப் பருவத்தில் வளர்ந்த சால்மன்களில் பெரும்பாலானவை கடலில் இருக்கும்; குஞ்சுகளில் பெரும்பாலானவை கிளை ஓடைகளில் இருக்கும். பேராற்றில் சேறு ஓடினாலும் அழியக்கூடிய உயிர்கள் அப்போதுதான் மிகக் குறைவு. மழைக்கால வெள்ளமும் சேற்றைக் கடலுக்குத் தள்ளிவிடும். மீனின் நாட்காட்டியைப் பார்த்துப் பொறியாளர்கள் தம் நாட்காட்டியை எழுதினார்கள். நம் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறிக்கும்போதுகூட இவ்வளவு எண்ணிப் பார்க்கிறோமா என்பது வேறு கதை.

அணைக்குப் பின்னால் தேங்கியிருப்பது நீர் மட்டுமன்று, வண்டலும்தான். நம் கேமரன் மலைக்குச் சென்றவர்கள் ரிங்லெட் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். வண்டல் ஓர் அணையை என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கிளாமத்தில் அந்த வண்டலில் ஒரு பகுதி ஆற்றோடு போகும், மிகுதி கரையில் தங்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். தங்கும் நிலம் வெறுஞ்சேறாகக் கிடந்தால் களைகள் பிடித்துக்கொள்ளும். ஆகவே அணை உடைவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 2019-இலிருந்து, அந்த வட்டாரத்து இயல்தாவரங்களின் விதைகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். சேகரித்ததைப் பண்ணைகளில் பெருக்கி, ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். ஏரியின் அடியில் வைரீகா நகரத்துக் குடிநீர்க் குழாய் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை முதலில் மாற்றியமைத்தார்கள். இவற்றையெல்லாம் எந்தக் காணொளியும் காட்டுவதில்லை. வெடியைத்தான் காட்டும்.

இத்தனை திட்டமிட்டும் தவறு நிகழ்ந்தது. 2024 பிப்ரவரி இறுதியில் ஏறத்தாழ 830,000 சினூக் சால்மன் குஞ்சுகளை, அயன் கேட் என்னும் அணைக்கு மேலேயுள்ள ஓர் ஓடையில் விட்டார்கள். அணையின் அடியிலிருந்த சுரங்கவழியே அவை கடந்து சென்றபோது, அங்கு ஏற்பட்ட அழுத்த மாற்றத்தால் காற்றுக்குமிழி நோய் கண்டு பெருமளவில் மடிந்தன. எல்லாரும் சேற்றுக்கு அஞ்சிக்கொண்டிருந்தார்கள், கொன்றதோ சுரங்கம். வற்றிய ஏரியின் சேற்றில் சிக்கிச் சில மான்களும் இறந்தன.

வாசிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றிலும் இப்படி ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. அங்கு இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை அகற்றினார்கள். நகரத்துக்கு நீர் வழங்கும் நிலையம் இலைதழைகளாலும் வண்டலாலும் அடைபட்டதால், வேலையை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். நிறுத்தியது தோல்வியென்று சிலர் எழுதினர். நான் அப்படி நினைக்கவில்லை. நிறுத்தத் தெரிந்த திட்டமே நல்ல திட்டம்.

எதிர்த்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். கிளாமத் அணைகளில் மூன்று அமைந்திருந்த சிஸ்கியூ மாவட்டத்தில் 2010-இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது, நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் அகற்றக்கூடாது என்றே வாக்களித்தார்கள். ஏரிக்கரையில் வீடு கட்டி வாழ்ந்தவர்களுக்கு ஏரியே போயிற்று. கிணறு வற்றுமோ, நிலத்தின் விலை சரியுமோ என்று அஞ்சினார்கள். அவர்களை மீன்களின் பகைவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது முறையன்று. நூறாண்டுகளுக்கு முன் ஆற்றை இழந்தவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்பதும் உண்மை. இன்று ஏரியை இழப்பவர்களின் வருத்தம் உண்மையானது என்பதும் உண்மை. ஈடுசெய்யும் நிதியைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அன்று, முதற்பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இதைப் படித்துவிட்டு எல்லா அணைகளையும் உடைக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. நாம் குடிக்கும் நீரைத் தேக்கிவைத்திருக்கும் அணையும், யாருக்கும் நீர் தராமல் சிறிதளவு மின்சாரம் மட்டும் தந்த பழைய அணையும் ஒன்றல்ல. நான் கேட்பது சிறிய ஒன்றுதான். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற பாடத்தில் அணையைப் பற்றிக் கற்பிக்கிறோம். அணைக்கும் முதுமை உண்டு, அதை அகற்றவும் ஒரு முறை உண்டு என்பதை ஒரு வேளையேனும் சொல்லலாமே? ஒருவர் மீனவர், ஒருவர் ஏரிக்கரை வீட்டுக்காரர், ஒருவர் பொறியாளர், ஒருவர் குடிநீர் அதிகாரி என்று நான்கு மாணவர்களைப் பாத்திரமேற்கச் செய்து, எந்த வேலை முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மீன் வந்ததா என்றால், வந்தது. அணைகள் அகற்றும் பணி 2024 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்தது. அந்த மாதமே, நான்கு அணைகளும் இருந்த இடங்களைக் கடந்து, ஓரிகனில் ஓர் ஓடையில் சினூக் சால்மனைக் கண்டார்கள். அப்பகுதியில் அது காணப்பட்டது 1912-க்குப் பிறகு அப்போதுதான்.

அடுத்த வாரம் அதே வகுப்பில், என் 'ஆம்' பாதி விடைதான் என்று சொல்லி, மடிந்துபோன குஞ்சுகளின் கதையையும் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. அதே மாணவிதான் மீண்டும் எழுந்தாள்.

"சுரங்கம் இடிபடும் வரைக்கும் குஞ்சுகளை அணைக்குக் கீழேயே விட்டிருக்கலாமே, ஐயா?"

அந்த அதிகாரிகளும் அதற்குப் பிறகு அப்படித்தான் முடிவு செய்தார்கள் என்றேன்.