நாணயங் கெட்டவர் யார்?

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதவன் நாணயங் கெட்டவன் என்கின்றன வங்கிகள். நாம் அதை மறுக்கவில்லை. ஆனால், நாட்டின் நாணயத்தையே கெடுத்தவர்களை எப்பெயரால் அழைப்பது?

ஓர் அரிசி ஆலைக்காரரை எண்ணிப் பாருங்கள். வீட்டையும் வளவையும் ஈடுவைத்து ஆலை நிறுவினார். 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, ஆலைக்கு நெல் குறைந்தது. வந்த நெல்லைக் குற்றவோ மின்சாரம் இல்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாயிற்று. அம்மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தான் கடன் வழங்கும் வட்டியை 7.5 வீதத்திலிருந்து 14.5 வீதமாக ஒரே நாளில் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன்பட்டவர்களின் தவணைப் பணமும் ஏறிற்று.

பெறுமதி சேர் வரியின் கதை என்ன? 2019 டிசெம்பரில் 15 வீதம் 8 ஆயிற்று. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஐந்தாண்டு முடியுமுன் நான்கு தரம் மாறிய வரியை நம்பி எந்த வணிகர் விலை நிர்ணயிப்பார்?

போட்டியாலும் தன் மதியீனத்தாலும் வரும் நட்டத்தை வணிகரே சுமக்கட்டும். அது தொழில் தருமம். வர்த்தமானியால் வந்த நட்டத்தையும் அவர் தலையில் மட்டும் சுமத்துவது எந்தத் தருமம்?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போது செலுத்த இயலாது என அரசாங்கம் கைவிரித்தது. அதன் சொத்தை எவரும் ஏலம் கூறவில்லை. பேச்சு நடந்தது; தவணை கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், வீழ்ச்சிக்குப் பொறுப்பான முன்னாள் ஆட்சியாளரும் உயரதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. நாட்டைக் கெடுத்தவர்களுக்கு மன்றேறி வாதாட வாய்ப்பு இருந்தது. கெட்டழிந்த வணிகருக்கு?

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிகளுக்கு அதிகாரமளிக்கிறது. 'பராட்டே' எனப்படும் இவ்வதிகாரத்தை 2024இல் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அதன் கொடுமையை ஆட்சியாளரே ஒப்புக்கொண்டதற்கு வேறு சான்று வேண்டுமா?

வங்கியிலுள்ளது வைப்பாளரின் பணம் என்பார்கள். உண்மையே. கடனைத் தள்ளுபடி செய்யுமாறு நாம் கேட்கவில்லை. சிறு தொழிலாளரின் ஆலைக்கும் வீட்டுக்கும் ஏலமணி அடிக்குமுன் நீதிபதி ஒருவர் அவர் வழக்கைக் கேட்கவேண்டும் என்கிறோம். வரியையும் இறக்குமதி விதியையும் மாற்றுமுன் போதிய தவணையுடன் அறிவிக்கவேண்டும் என்கிறோம்.

தன் கடனுக்குத் தவணை கேட்டுப் பெற்ற அரசு, தன்னால் கடனாளியானவனுக்கு அதை மறுக்குமாயின், நாணயங் கெட்டவர் யார் என்பதை மக்களே தீர்மானிப்பர்.